எக்கோ சவுண்டரும் எண்ணெய்க் கிணறும்

பூமிக்குள் ஒலி அனுப்பி எடுக்கும் நில அதிர்வுத் தரவுகளைப் (சீஸ்மிக் என்போம்) பார்த்து, பூமிக்கடியில் எண்ணெயும் எரிவாயுவும் தங்கியிருக்கும் படுகைகள் எப்படிப்பட்டவை என்று கணித்துச் சொல்வதுதான் நான் ஓய்வு பெறும்வரை பார்த்த வேலை. இதை ஊரில் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. "எண்ணெய்க் கம்பெனியில் இருந்தாள்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதற்கடுத்த கேள்வி மட்டும் தவறாமல் வரும்: "நம் பக்கத்தில் எண்ணெய் கிடைக்குமா?"

கிடைக்காது. நான் இருப்பது வேளிமலை அடிவாரம், குமாரகோவிலுக்குப் பக்கம். இங்கே மண்ணைக் கொஞ்சம் விலக்கினால் பாறை. சார்னோக்கைட், கோண்டலைட், நைஸ் என்று எங்கள் துறையில் பெயர் சொல்லும் கடும்பாறைகள். ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் 800 டிகிரிக்கும் மேலான வெப்பத்தில் வெந்து உருமாறியவை. புதைந்த உயிர்ப்பொருள் எண்ணெயாவதற்கு 60 முதல் 120 டிகிரி வரை இருந்தால் போதும். அதைத் தாண்டினால் எரிவாயு. அதையும் வெகுவாகத் தாண்டினால் மிஞ்சுவது கிராஃபைட். கோண்டலைட் பாறையில் அந்தக் கிராஃபைட் செதில்கள் மின்னுவதைக் கண்ணால் பார்க்கலாம். எண்ணெய்க்கான நேரம் எப்போதோ கடந்துவிட்டது. இதைச் சொன்னால், ஏதோ நான் கையெழுத்துப் போட மறுத்ததால்தான் எண்ணெய் வராமல் போனதுபோல் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

கடலோரத்திலிருந்து வந்த கேள்வி வேறு மாதிரி. முட்டத்தில் விசைப்படகு வைத்திருக்கும் ஒரு தம்பி இருக்கிறான். பள்ளியில் எனக்குச் சில வகுப்புகள் கீழே படித்தவன். கன்னியாகுமரிக்குத் தெற்கே ஆழ்கடலில் எண்ணெய், எரிவாயுத் தேடலுக்குத் தொகுதிகள் ஒதுக்கப்பட்ட செய்தி வந்து, வாட்ஜ் பேங்க் என்ற மீன்பிடிக் கடற்பரப்பின் வளம் என்ன ஆகும் என்று கடற்கரை ஊர்கள் கொந்தளித்திருந்த சமயம். "அக்கா, கப்பல் ஒரு தடவை சுற்றிவிட்டுப் போனால் அடியில் எண்ணெய் இருப்பது தெரிந்துவிடும் என்கிறார்களே, நிஜமா?" என்று கேட்டான்.

திட்டத்தை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே கட்சி. "எண்ணெய் இருப்பது தெரிந்துதான் வருகிறார்கள்" என்று இரண்டு பக்கமும் நம்புகிறார்கள். எனக்கு மறுப்பு இருப்பது அந்த இடத்தில்தான். அன்று அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

அவனுடைய படகில் எக்கோ சவுண்டர் இருக்கிறது. சாதாரணமாக 50 அல்லது 200 கிலோஹெர்ட்ஸில் ஒலியைக் கீழே அனுப்பி, திரும்பி வருவதைத் திரையில் நிறமாகக் காட்டும் கருவி. மீன் கூட்டம் வந்தால் சிவப்பாகத் தெரியும். "சுறா வந்தால் எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "சுறா எங்கே அக்கா ஒழுங்காகத் தெரிகிறது" என்றான். தூத்தூர்ப் பக்கத்து ஆட்கள் தலைமுறை தலைமுறையாகச் சுறா பிடிக்கப் போகிறவர்கள். அவர்களைக் கேட்டாலும் திரையை நம்பித் தூண்டில் போடுவதாகச் சொல்ல மாட்டார்கள். இவ்வளவு பெரிய மீன் மங்கலாகத் தெரிவதற்கும், கையகல மீன்களின் கூட்டம் பளிச்சென்று தெரிவதற்கும் காரணம் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பை. கூறல் மீனை அறுத்தால் நெட்டி என்று தனியே எடுத்து நல்ல விலைக்கு விற்கிறார்களே, அதுதான். ஒலியில் பெரும்பங்கை எதிரொலிப்பது அந்தக் காற்று. மீனின் சதையும் கடல்நீரும் ஒலிக்கு ஏறத்தாழ ஒன்று. சுறாவுக்குக் காற்றுப்பையே கிடையாது. ஆக, எக்கோ சவுண்டர் காட்டுவது பெரும்பாலும் மீனுக்குள் இருக்கும் காற்றை. என்ன மீன், எத்தனை கிலோ, சந்தையில் என்ன விலை போகும் என்பதெல்லாம் அவன் அனுபவத்திலிருந்து சேர்த்துக்கொள்பவை. நாங்கள் செய்வதும் இதே வேலைதான், என்ன, கடலுக்குப் பதில் பாறை.

பாறைக்குள் கிலோமீட்டர் கணக்கில் ஒலி இறங்க வேண்டுமானால் சுருதி மிகக் குறைவாக இருக்க வேண்டும். நாங்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் 10 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை. கடலில் என்றால் கப்பலுக்குப் பின்னால் ஏர் கன் வரிசை ஒன்று இழுபட்டுக்கொண்டு வரும். ஒரு சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 2,000 பவுண்டு அழுத்தத்தில் அடைத்த காற்றை கண நேரத்தில் தண்ணீருக்குள் விடுவார்கள். சுமார் பத்து நொடிக்கு ஒரு முறை, இரவு பகல் பாராமல். அதன் பின்னால் சில கிலோமீட்டர் நீளத்துக்கு ஸ்ட்ரீமர் என்கிற கேபிள்கள், அவற்றுக்குள் நீருக்குள் ஒலியைப் பதிவு செய்யும் ஆயிரக்கணக்கான ஹைட்ரோபோன்கள்.

தரையில் கதை வேறு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் களக்குழுவோடு இருந்திருக்கிறேன். சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்திருக்கும் மாதங்களில், வரிசையாகத் துளை போட்டு உள்ளே சிறிய வெடி வைத்து, சுற்றிலும் தரையின் அதிர்வை உணரும் ஜியோபோன்களை ஊன்றி, அதிர்வைப் பதிவு செய்வோம். எங்கிருந்தாவது ஒரு பம்ப்செட் ஓடினால் 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சல் எல்லாவற்றுக்கும் மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். விவசாயியிடம் போய் "அரை மணி நேரம் நிறுத்துங்கள் ஐயா" என்று கெஞ்சுவது ஜூனியரின் வேலை, அதாவது என் வேலை. காவிரிப் படுகையில் 1964இல் காரைக்காலில் முதல் கிணறு தோண்டினார்கள். அதன் பிறகு நரிமணம், கோவில்களப்பால், அடியக்கமங்கலம், புவனகிரி என்று எத்தனையோ ஊர்ப் பெயர்கள் எண்ணெய்ப் பெயர்களாயின. டெல்டாக்காரர்களுக்கு எங்கள் மேல் இருந்த சந்தேகத்தை நான் நேரில் பார்த்தவள். அவர்களிடம் காரணம் இருந்தது.

இப்போது அந்த எதிரொலி என்ன சொல்கிறது என்பதற்கு வருகிறேன். ஒவ்வொரு பாறை அடுக்குக்கும் ஓர் எண் உண்டு: அதில் ஒலி செல்லும் வேகத்தை அதன் அடர்த்தியால் பெருக்கினால் வருவது. ஒலி எதிர்ப்பு என்று சொல்லலாம். இரண்டு அடுக்குகளுக்கு இந்த எண் வேறுபட்டால் மட்டுமே அவை சந்திக்கும் இடத்தில் எதிரொலி பிறக்கும். வேறுபாட்டைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் எதிரொலியின் அளவு. அவ்வளவுதான் சூத்திரம். நோபல் பரிசு வாங்கியவருக்கும் இதுதான், எனக்கும் இதுதான்.

பாடப்புத்தகத்தில் வருவதுபோல் ஒரு கணக்கு பாருங்கள். மேலே களிப்பாறை: வேகம் நொடிக்கு 2,400 மீட்டர், அடர்த்தி 2.30 (தண்ணீர் 1 என்றால்). பெருக்கினால் 5,520. கீழே நூற்றுக்கு முப்பது பங்கு துளைகள் கொண்ட மணற்பாறை, துளைகளில் உப்புநீர்: வேகம் 2,500, அடர்த்தி 2.15. பெருக்கினால் 5,375. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. எதிரொலி நூற்றில் ஒரு பங்கை ஒட்டித்தான். அந்த மணற்பாறை இருப்பதே சீஸ்மிக் படத்தில் தெரியாமல் போகலாம். அதே மணலில் நீரைத் தள்ளிவிட்டு எரிவாயு புகுந்துகொண்டால் வேகம் 2,000க்கும், அடர்த்தி 1.95க்கும் இறங்கும். இப்போது எதிரொலி நூற்றில் பதினேழு பங்கு. பத்து மடங்குக்கும் மேல். 1970களில் மெக்சிகோ வளைகுடாவில் இப்படிப் பளிச்சென்று தெரிந்த இடங்களைத் தோண்டி எரிவாயு எடுத்தபோது, தொழிலே மாறிவிட்டது என்று கொண்டாடினார்கள்.

கொண்டாட்டம் நீடிக்கவில்லை. சில பளிச்சிடும் இடங்களைத் தோண்டினால், நீரில் கொஞ்சம் கொஞ்சமாக வாயுக் குமிழி மட்டும்தான் இருந்தது. விற்கும் அளவுக்கு இல்லை. காரணம் அந்தக் காற்றுப்பைக் கணக்குதான். அழுத்தினால் சுருங்க மறுக்கும் நீரில் பத்தில் ஒரு பங்கு வாயு கலந்தாலே போதும், அந்தக் கலவை மெத்தென்று ஆகிவிடும். ஒலியின் வேகம் அங்கேயே சரிந்துவிடும். பத்துப் பங்கை எண்பதாக உயர்த்தினாலும் வேகத்தில் பெரிய மாற்றம் வராது, அடர்த்தி மட்டும் படிப்படியாகக் குறையும். மேலே சொன்ன மணலில் பத்து விழுக்காடு வாயு இருந்தால் எதிரொலி நூற்றில் பதினான்கு. எண்பது விழுக்காடு இருந்தால் பதினேழு. இரைச்சலும் செயலாக்கப் பிழைகளும் கலந்த உண்மையான தரவில் பதினான்கையும் பதினேழையும் பிரித்துச் சொல்லிப் பல கோடி ரூபாய் செலவில் கிணறு தோண்டச் சொல்ல வேண்டும். என் தலைமுடி சீக்கிரம் நரைத்ததற்கு வீட்டில் வேறு காரணம் சொல்வார்கள். எனக்குத் தெரியும்.

இது எரிவாயுவின் நிலை. எண்ணெய் இன்னும் மோசம். அது திரவம், நீரைப் போலவே சுருங்காமல் அடம்பிடிக்கும். வேறுபாடு கொஞ்சம் உண்டு. ஆனால் ஆழத்தில் இறுகிய பாறைக்குள் அந்த வேறுபாடும் கரைந்துவிடும். பாறையின் எலும்புக்கூடே அவ்வளவு விறைப்பாக இருக்கும்போது துளைக்குள் என்ன திரவம் இருக்கிறது என்று ஒலிக்கு அக்கறை இல்லை. "கப்பல் எண்ணெயைப் பார்த்துவிட்டது" என்று யாராவது மேடையில் பேசினால் இந்த வரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் உதவிக்கு வருவது கோணம். ஒலி செங்குத்தாக இறங்கித் திரும்பும்போது ஒரு கதை சொல்கிறது, சாய்வாகப் பட்டுத் திரும்பும்போது இன்னொன்று. சாய்கோணத்தில் பாறையின் சறுக்கு விறைப்பும், அதாவது பக்கவாட்டில் தள்ளினால் உருக்குலையாமல் எதிர்த்து நிற்கும் குணமும், கணக்கில் சேரும். நீரோ வாயுவோ எதற்கும் சறுக்கு விறைப்பு கிடையாது, அதனால் துளைக்குள் எது இருந்தாலும் அந்த விறைப்பு மாறாது. பாறையை அழுத்திக்கொண்டு போகும் அழுத்த அலையை வாயு பாதிக்கிறது, பக்கவாட்டில் அசைத்துக்கொண்டு போகும் சறுக்கு அலையை ஏறத்தாழ விட்டுவிடுகிறது. இந்த முரணைப் பிடித்துக்கொண்டால் பளிச்சிடுவது வாயுவா, வெறும் விறைப்பான பாறையா என்று ஓரளவு சொல்லலாம். இதற்கான சமன்பாடுகளை எழுதிய ஜெர்மானியர் கார்ல் சோப்ரிட்ஸ் 1908இல், 26 வயதில் இறந்துபோனார். கட்டுரை 1919இல்தான் அச்சில் வந்தது. அது வாயு தேடப் பயன்படும் என்று ஆஸ்ட்ராண்டர் என்ற அமெரிக்கர் நிரூபித்துக் கட்டுரை எழுதியது 1984இல். இடையில் அறுபத்தைந்து ஆண்டு அந்தச் சமன்பாடுகள் பெரும்பாலும் பரீட்சைத்தாளில்தான் கிடந்தன. அந்தப் பரீட்சையை விசாகப்பட்டினத்தில் நானும் எழுதினேன், எதற்கென்றே தெரியாமல்.

தரவைத் தரையோடு கட்டிப்போடுவது கிணறு. கிணற்றுக்குள் இறக்கும் கருவிகள் பதினைந்து சென்டிமீட்டருக்கு ஒரு தடவை ஒலி வேகம், அடர்த்தி, மின்தடை, கதிரியக்கம் எல்லாம் அளந்து சொல்லும். கோர் என்கிற உருளைத் துண்டை வெட்டி எடுத்தால் பாறையையே கையில் வைத்துப் பார்க்கலாம். சீஸ்மிக் அப்படியில்லை. நொடிக்கு 3,000 மீட்டர் வேகப் பாறையில் 30 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 100 மீட்டர். அதில் கால் பங்கு 25 மீட்டர். அதைவிட மெல்லிய படுகையின் தலையும் காலும் தனித்தனியாகத் தெரியாது. எண்ணெய் தரும் மணற்படுகைகள் பல அதைவிட மெல்லியவை. அந்த அளவுக்குக் கீழே போனால் இன்னொரு சங்கடம்: படுகை பாதித் தடிமனாகி, வேறுபாடு இரட்டிப்பானாலும் திரும்பி வருவது ஏறத்தாழ அதே எதிரொலிதான். இரண்டில் எது என்று தரவு சொல்லாது. எதிரொலியிலிருந்து பாறையின் எண்களைத் திரும்பக் கணக்கிடும் இன்வெர்ஷன் என்ற வேலையில் இப்படிப் பொருந்தி வரும் விடைகள் ஒன்றல்ல, எண்ணற்றவை. அதிலும் எட்டு ஹெர்ட்ஸுக்குக் கீழே தரவு பெரும்பாலும் கிடையாது. அந்த இடைவெளியைக் கிணறுகளிலிருந்து இரவல் வாங்கி நிரப்பினால்தான் எண்கள் வரும். கிணறே இல்லாத ஆழ்கடலில் எங்கிருந்து இரவல் வாங்குவது?

நான் வேலை பார்த்த இடத்தில் இதில்தான் அடிக்கடி உரசல். குறைந்தபட்சம் இவ்வளவு, நடுத்தரமாக இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று மூன்று வரைபடம் கொடுப்பேன். கூட்டத்தில் திரையில் ஏறுவது ஒன்றுதான், அதுவும் மூன்றில் சிவப்பு அதிகம் உள்ளது. வண்ணம் தீட்டிய படத்துக்கு இருக்கும் அதிகாரம், அதை வரைந்தவளின் வாய்க்கு இருந்ததில்லை. சிவப்பு என்பது கணினியில் நான் தேர்ந்தெடுத்த நிறம் என்று ஒரு முறை சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

கிணற்றுக் கருவிகளும் ஊருக்கு ஊர் ஏமாற்றும். காமா கதிர் அளவி என்று ஒன்று உண்டு. களிப்பாறையில் பொட்டாசியமும் தோரியமும் கூடுதல் என்பதால் அளவு ஏறினால் களி, இறங்கினால் மணல் என்று பிரிப்பார்கள். பயிற்சியில் இதைச் சொல்லிக்கொடுத்தபோதே எனக்கு மணவாளக்குறிச்சிக் கடற்கரை நினைவுக்கு வந்தது. அங்கே மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, மோனசைட்டில் தோரியம். அந்த மணல் பல லட்சம் ஆண்டு கழித்து எங்காவது புதைந்து பாறையானால், அதில் இறங்கும் காமா அளவி சத்தியம் செய்து சொல்லும், "இது களி" என்று. இல்மனைட், கார்னெட் என்ற கனமான கனிமங்களும் சேர்ந்த அந்த மணல்துகள்களின் அடர்த்தியும் சாதாரண மணலைப்போல் 2.65இல் நிற்காது. இல்மனைட் மட்டுமே 4.7. இந்த உதாரணத்தைப் பின்னாளில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லித் தருவேன். கடற்கரையில் வளர்ந்தவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்த விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறேன். எங்கள் ஊர்ப் பாறையில் எண்ணெய் கிடையாது என்று தொடக்கத்தில் அடித்துச் சொன்னேன். காவிரிப் படுகையின் அடியிலும் இருப்பது இதே குடும்பத்துப் பாறைதான். கோண்டுவானா என்ற பழங்காலப் பெருநிலம் பிளந்தபோது அது துண்டு துண்டாக உடைந்து, சில துண்டுகள் தாழ்ந்தும் சில மேடாகவும் நின்றன. பள்ளங்களில் கிலோமீட்டர் கணக்கில் படிவுகள் சேர்ந்தன, அவற்றில் எண்ணெய் விளைந்தது. விளைந்த எண்ணெய் பக்கவாட்டில் நகர்ந்து, மேடாக நின்ற பழைய பாறையின் விரிசல்களுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கடலுக்குள் இருக்கும் பி.ஒய்.-1 வயலில் எரிவாயு வருவது மணலிலிருந்து இல்லை, விரிசல் விட்ட கருங்கல்லிலிருந்து. மாதானத்திலும் அடித்தளப் பாறையில் எண்ணெய் கண்டார்கள். வியட்நாமின் பாக் ஹோ வயலில் 1988 முதல் கருங்கல்லிலிருந்து எண்ணெய் ஓடுகிறது. அங்கே அதுதான் பிரதான படுகை.

அடித்தளப் பாறையிலிருந்து எடுத்த கோர் ஒன்று முதன்முதலாக என் மேசைக்கு வந்தபோது அதில் சிவப்புச் சிவப்பாகக் கார்னெட் புள்ளிகள். எங்கள் வீட்டுக்கு மேற்கே இருந்த கல்குவாரியில் சிறுவயதில் பொறுக்கி விளையாடிய அதே கல். பெட்டியில் அதன் ஆழம் எழுதியிருந்திருக்காவிட்டால் யாரோ நம் ஊரிலிருந்து கொண்டுவந்து வைத்துவிட்டார்கள் என்றே நினைத்திருப்பேன்.

இந்தப் பாறையில் சீஸ்மிக்கின் சாமர்த்தியம் பாதியாகிவிடும். அடித்தளத்தின் மேற்பரப்பு பிரமாதமாகத் தெரியும். மேலே படிவில் வேகம் மூவாயிரத்துச் சொச்சம், கீழே ஆறாயிரத்தை ஒட்டி, எதிரொலி கணீரென்று வரும். உள்ளே போனால் அடுக்கே கிடையாது. அடுக்கு இல்லாத இடத்தில் எதிரொலி எங்கிருந்து வரும்? அங்கே தெரிவதில் பாதி, மேலடுக்குகளுக்கு இடையில் மாட்டிக்கொண்டு எதிரொலித்த ஒலியின் எதிரொலி. நாம் தேடும் விரிசல்களோ செங்குத்தாக நிற்பவை, மில்லிமீட்டர் அகலமானவை. பாறையின் மொத்தப் பருமனில் அவை ஒன்றிரண்டு விழுக்காடுகூட இருக்காது. ஆனால் தட்டையான விரிசலுக்கு ஒரு குணம் உண்டு. பருமனில் அற்பமாக இருந்தாலும் பாறையின் விறைப்பை அது நன்றாகவே தளர்த்திவிடும், அதுவும் ஒரு திசையில். விரிசலின் வாக்கில் ஒலி வேகமாகவும், குறுக்கே மெதுவாகவும் போகும். எல்லாத் திசைகளிலிருந்தும் ஒலி அனுப்பி (சுடுவது என்போம்) பதிவு செய்த தரவு இருந்தால் இந்த வித்தியாசத்தை அளந்து, விரிசல்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று சொல்லலாம். அது தெரிந்தால் கிணற்றைச் சாய்த்து, அதிக விரிசல்களை வெட்டும்படி தோண்டலாம்.

இந்தப் பாடம் எனக்குப் பல்கலைக்கழகத்தில் கிடைத்ததைவிட ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிக்குப் பக்கத்தில் நின்று கிடைத்தது அதிகம். எங்கள் பகுதிக்குத் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வரும். ஒருவர் தோட்டத்தில் அறுநூறு அடி போயும் புகைதான் வரும், வேலிக்கு அந்தப் பக்கம் இருநூறு அடியில் தண்ணீர் பீறிடும். நடுவில் உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்ப்பவர் ஒருவர் நடந்துவிட்டுத் தட்சிணை வாங்கிக்கொண்டு போயிருப்பார். அவர் சொன்ன இடத்தில் வந்தால் பெருமை அவருக்கு, வராவிட்டால் விதி உங்களுக்கு. ரிக் டிரைவர் அதைவிடச் சொல்லத் தெரிந்தவர். குவாரி முகப்பில் பாறை எந்த வாக்கில் வெடித்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, "இந்த வாக்குக்குக் குறுக்கே போடுங்கள்" என்பார். பல லட்சம் டாலர் மென்பொருள் எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதுதான். விரிசல் இருக்கும் இடத்தில் ஊற்று, இல்லாத இடத்தில் கல்.

விரிசலானாலும் மணலானாலும் கடைசியில் கேள்வி, ஒன்றோடொன்று தொடர்பு உண்டா என்பது. கிருஷ்ணா-கோதாவரி ஆழ்கடலில் 2002இல் கண்ட டி6 எரிவாயு வயலைச் செய்தித்தாள் படித்த எல்லோருக்கும் நினைவிருக்கும். பழங்கால ஆற்று வாய்க்கால்கள்போல் கடலடியில் வளைந்து கிடக்கும் மணல், முப்பரிமாண சீஸ்மிக்கில் அவ்வளவு அழகாகத் தெரியும். கருத்தரங்குகளில் அந்தப் படங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். 2009 ஏப்ரலில் உற்பத்தி தொடங்கி, 2010இல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 கோடி கன மீட்டர் வரை ஏறியது. பிறகு மளமளவென்று சரிந்தது. கிணறுகளுக்குள் நீரும் மணலும் ஏறின, இருப்பு மதிப்பீட்டையும் பெரிதாகக் குறைத்தார்கள். அதன் அரசியலும் வழக்குகளும் என் துறை இல்லை. என் துறைக்குள் நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான்: மணலில் வாயு இருப்பதைப் படம் காட்டும். ஒரு வாய்க்காலிலிருந்து அடுத்ததற்கு வாயு நகர வழி உண்டா, நடுவில் மெல்லிய களிச் சவ்வு அடைத்துக்கொண்டிருக்கிறதா என்பது கிணறு ஓடத் தொடங்கி அழுத்தம் இறங்கும்போதுதான் தெரியும்.

நியாயமாக, எங்கள் கருவி பிரமாதமாக வேலை செய்யும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். நார்வேயின் ஸ்லைப்னர் வயலில் 1996 முதல் கரியமில வாயுவைக் கடலடியில் ஒரு மணற்படுகைக்குள் செலுத்துகிறார்கள். செலுத்துவதற்கு முன் ஒரு முறையும், பிறகு சில ஆண்டுக்கு ஒரு முறையும் அதே இடத்தைச் சுட்டு, பழையதைப் புதியதிலிருந்து கழித்துப் பார்க்கிறார்கள். படுகை மாறவில்லை, திரவம் மட்டும் மாறியது, ஆகவே மிஞ்சும் வித்தியாசம் எல்லாம் வாயு. ஒன்பது அடுக்காக அது பரவியது படத்தில் அப்படியே தெரிகிறது. எவ்வளவு செலுத்தினோம் என்பது முன்பே தெரியும். விடை தெரிந்த கணக்கில் எங்களை யாரும் அடித்துக்கொள்ள முடியாது.

கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள ஆழ்கடல் அப்படி விடை தெரிந்த இடம் இல்லை. கிழக்கே மன்னார்ப் படுகையின் இலங்கைப் பகுதியில் 2011இல் இரண்டு எரிவாயுக் கண்டுபிடிப்புகள் வந்தன. டொராடோ, பாரகுடா என்று மீன் பெயர் வைத்தார்கள். பாரகுடா என்றால் நம் சீலா மீன் என்று சொன்னதும் முட்டத்துத் தம்பிக்கு அப்படி ஒரு சிரிப்பு. மேற்கே கேரள-கொங்கண் கடலடியில் தக்காண எரிமலைக் குழம்புப் பாறை தகடுபோல் மூடிக் கிடக்கிறது. அந்த விறைப்பான தகடு ஒலியின் பெரும்பகுதியை மேலேயே திருப்பி அனுப்பிவிடுவதால் அதற்குக் கீழே படம் மங்கல். இந்த இரண்டுக்கும் நடுவில் கப்பல் ஒரு தடவை சுற்றினால் படிவுகளின் தடிமன் தெரியும், மேடு பள்ளம் தெரியும், தோண்டிப் பார்க்கத் தகுந்த சில இடங்கள் தெரியும். எண்ணெய் இருப்பது தெரியாது. தோண்டினால்தான் தெரியும், அந்தக் கிணறுகளிலும் பல வறண்டு போகும். உலகமெங்கும் புதுப் படுகைகளில் கதை இதுதான்.

"அப்படியானால் கப்பல் வந்தால் பயமில்லையா?" என்றான். அப்படியும் சொல்லவில்லை. வேடிக்கை பார்க்க யாரும் இவ்வளவு செலவு செய்து கப்பல் அனுப்புவதில்லை. ஆய்வுக்கு அடுத்த படி தோண்டுவது. தோண்டுவது வேண்டுமா என்பது கடலோர மக்களின் கேள்வி. அதற்கு என் அலைச் சமன்பாடுகளில் விடை தேட வேண்டாம். ஆய்வும்கூட ஓசையில்லாமல் நடப்பதில்லை. 1990களில் பாரன்ட்ஸ் கடலில் ஏர் கன் சுட்டுக்கொண்டிருந்த பகுதியிலும் அதைச் சுற்றியும் காட், ஹாடாக் மீன்களின் பாடு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததை நார்வே ஆராய்ச்சியாளர்களே அளந்து எழுதியிருக்கிறார்கள். எங்கள் துறையில் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே தேநீர் இடைவேளை அறிவிப்பார்கள்.

கூட்டத்தில் கேட்பதற்கு ஏதாவது சொல்லுங்கள் என்றான். எந்த மாதத்தில் சுடப் போகிறார்கள் என்று கேள் என்றேன். மீன்பிடித் தடைக்காலத்தில் செய்கிறோம் என்று சொல்லலாம், கேட்க நியாயமாக இருக்கும். நம் மாவட்டத்துக்கோ இரண்டு தடைக்காலம். சின்னமுட்டத்துக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணத்துக்கு மேற்குக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் ஒன்றாக அமைவது ஜூன் முதல் பாதி மட்டும். அதுவோ தென்மேற்குப் பருவமழை இறங்கும் நேரம், கடல் பொங்கும். அலையில் ஸ்ட்ரீமர் ஆடினால் அந்த ஆட்டமே தரவுக்கு மேல் இரைச்சலாக ஏறிவிடும், அப்படிப்பட்ட தரவை எந்த நிறுவனமும் விரும்பாது. நல்ல தரவுக்குத் தேவை அமைதியான கடல். அமைதியான கடல் என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, இரண்டு பக்கத்துப் படகுகளும் வெளியே இருக்கும் மாதங்கள். ஆறேழு கிலோமீட்டர் கேபிளை இழுத்துக்கொண்டு வரும் கப்பல் சட்டென்று திரும்ப முடியாது. விலக வேண்டியது படகுகள்தான். விரித்த வலையை எத்தனை மணி நேரத்துக்கு முன் எடுக்கச் சொல்வார்கள், எடுக்காமல் அறுந்தால் யார் கணக்கில் எழுதுவார்கள், எந்தப் பாதையில் எந்த நாள் ஓடும் என்ற அட்டவணை தமிழில் ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒட்டப்படுமா என்று வரிசையாகக் கேட்கச் சொன்னேன். முன்பே எடுத்த பழைய தரவுகளை இன்றைய முறையில் மறுபடி செயலாக்கிப் பார்த்துவிட்டார்களா என்பதையும் சேர்த்துக்கொள் என்றேன். அதற்குக் கப்பலே தேவையில்லை.